மூடி போடாத வாளி

வேதியியல் ஆசிரியர்கள் கையில் ஆளுக்கொரு பெட்டியைக் கொடுத்து, திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறதென்று கண்டுபிடியுங்கள் என்று சொன்னால் என்ன செய்வார்கள்? குலுக்குவார்கள், சாய்ப்பார்கள், காதோரம் வைத்துக் கேட்பார்கள், பிறகு ஒருவரோடு ஒருவர் வாதாடுவார்கள் என்றுதான் பயிற்சிக் கையேட்டை எழுதிய புண்ணியவான் நம்பியிருந்தார். அவருக்கு வேதியியல் ஆசிரியர்களோடு பழக்கமில்லை போலிருக்கிறது. தேநீர் இடைவேளை முடிந்து, பயிற்சி நடத்திய சின்னவள் கூடத்துக்குள் திரும்பியபோது எல்லாப் பெட்டிகளும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒரு மேசையில் கோலிக்குண்டு, ஒன்றில் திருகாணி, இன்னொன்றில் பஞ்சு சுற்றிய பொத்தான். யார் முதலில் திறந்தது என்று கேட்டதற்கு ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆனால் முன்வரிசையில் நல்ல பிள்ளையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்த அவளுடைய அக்காவின் முழங்கையில் ஒட்டுநாடா ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பதில் உள்ள இருக்குன்னு தெரிஞ்சப்புறம் பாக்காம எப்படிடி உக்காந்திருக்கிறது?" என்றாள் அக்கா, கூடத்தை விட்டு வெளியே வந்ததும். குரலில் வெட்கம் மருந்துக்கும் இல்லை.

அவர்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர்தான். ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பெயர்கள் மாறவில்லை. இருவருமே வேதியியல் படித்தார்கள், இருவருமே ஆசிரியர் ஆனார்கள். பெரியவள் ஒரே பள்ளிக்கூடத்தில் வேர்விட்டு நின்றுவிட்டாள். சின்னவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பள்ளி பள்ளியாக மாறி, கடைசியில் கல்வி அலுவலகம் அவளைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. புதுப் பாடத்திட்டத்துக்கு வேதியியல் ஆசிரியர்களைப் பழக்குவது அவள் வேலை. கூடப் பிறந்தவளையும் பழக்க வேண்டி வரும் என்று வேலையில் சேரும்போது அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னாள். அக்காவென்றால் இன்னும் நல்லதாயிற்றே, சொன்ன பேச்சைக் கேட்பார் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கெல்லாம் அக்கா இல்லை.

பெரியவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் சொட்டு மிஸ். அளவுக் கோடு போட்ட பியூரெட் குழாயிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாக இறங்க, கீழே குடுவையில் இருக்கும் அமிலம் ஒரு கட்டத்தில் சட்டென்று இளஞ்சிவப்பாகும். அந்த ஒரு சொட்டில்தான் விடை இருக்கிறது. அதற்கு முந்தைய சொட்டும் தப்பு, பிந்தைய சொட்டும் தப்பு. "ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு" என்று மாணவர் தோளுக்குப் பின்னால் நின்று அவள் சொல்லும் குரல், படித்து முடித்துப் போனவர்களுக்கும் கனவில் கேட்குமாம். ஒவ்வொரு செய்முறை நாளிலும் விடிந்ததும் பள்ளிக்கு வந்து தன் கையாலேயே கரைசல் கலப்பாள். யார் செய்தாலும் அவள் சொன்ன எண்தான் வரும். வராவிட்டால் மறுபடி செய்ய வேண்டும். அவள் வகுப்பில் செய்முறைத் தேர்வில் தவறியவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, இருக்க வேண்டியதுதான்.

புதுப் பாடத்திட்டம் வந்து அந்தப் பெருமையின் காலை வாரிவிட்டது. இனிமேல் கரும்பலகையில் படிப்படியாக எழுதிப் போட்டு, பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்வது கிடையாது. பிள்ளைகளே ஒரு கேள்வியை எடுக்க வேண்டும், எப்படிச் செய்வதென்று அவர்களே திட்டம் போட வேண்டும், வந்த எண்ணை வந்தபடி சொல்ல வேண்டும். ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. விடை அவருக்கே தெரியாமல் இருந்தால் ரொம்ப நல்லது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பயிற்சியில் சின்னவள் படித்தபோது கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. பெரியவள் முனகவில்லை, அவள் முகத்தில் ஈயாடவில்லை.

ஏனென்றால் அவளுக்கு அதில் இழக்க நிறைய இருந்தது. அந்த வருஷம் ஒவ்வொரு மூத்த ஆசிரியரின் வகுப்பிலும் அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். புது முறைக்குத் தேறியவர்களுக்கு மேல்வகுப்பு வேதியியல். தேறாதவர்களைக் கீழ்வகுப்புப் பொது அறிவியலுக்கு இறக்கிவிடுவார்கள். சம்பளத்தில் குறையாது, மரியாதையில்தான் குறையும். ஆய்வகத்தின் சாவி வேறொருவர் இடுப்புக்குப் போய்விடும். பெரியவள் வாழ்க்கையில் பிள்ளை குட்டி இல்லை. அந்த ஆய்வகம்தான் எல்லாம். இது அக்காவின் கணவரான அத்தானுக்கும் தெரியும், சின்னவளுக்கும் தெரியும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சின்னவள் சும்மா இருப்பாளா? மற்றப் பள்ளிகளுக்கு ஒரு தடவை போனால் அக்கா பள்ளிக்கு நாலு தடவை போனாள். பாடத்திட்டம் எழுதிக் கொடுத்தாள். எந்த நிமிஷத்தில் எந்தக் கேள்வி கேட்க வேண்டும், அதற்குப் பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்லக்கூடும், அப்படிச் சொன்னால் இவள் என்ன கேட்க வேண்டும் என்று நாடக வசனம் மாதிரி எழுதிக் கொடுத்தாள். விடை சொல்லாமல் நடத்தும் வகுப்புக்கு எல்லா விடையும் போட்ட தாளைக் கொடுக்கிறோமே என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. அக்கறை கண்ணை மறைத்துவிட்டது.

ஒத்திகை வகுப்புகள் சிரிப்பாய்ச் சிரித்தன. கேள்வி கேட்டு வாய் மூடுவதற்குள் பெரியவளே பதிலையும் சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அதற்குச் சின்னவள் ஒரு வழி சொல்லித் தந்தாள். கேள்வி கேட்டதும் உதட்டை இறுக்கிக்கொள்ள வேண்டும், யாராவது வாய் திறக்கும் வரைக்கும் இறுக்கியே வைத்திருக்க வேண்டும். யாராவது பதில் கேட்டால், "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பயிற்சிக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்ட வாக்கியம் அது.

பெரியவளுக்கு அந்த வாக்கியத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. பதில் தெரியாதவன்தான் அப்படிக் கேட்டு நழுவுவான் என்றாள். ஆனாலும் வீட்டில் அத்தானை வைத்துப் பழகிப் பார்த்தாள். அத்தான் அச்சகத்தில் பிழை திருத்துபவர். உலகத்தில் நடக்கும் எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுப்பிழை இருக்கும் என்று நம்புகிறவர். ஒரு சாயங்காலம் அவர் முன்னால் உட்கார்ந்து, உப்பு ஏன் தண்ணீரில் கரைகிறது என்று கேட்டுவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவர் தாளிலிருந்து தலை தூக்கினார். மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்தார்.

"உனக்குத்தான் தெரியுமே. அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கிற?" என்றார்.

சின்னவளிடம் இதைச் சொல்லும்போது பெரியவள் சிரிக்கத்தான் செய்தாள். சிரித்து முடித்த பிறகு, அவர் கேட்டதில் தப்பு என்ன என்றாள். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி நடிப்பது பிள்ளைகளை ஏமாற்றுவது, தெரியாமலே போய் நிற்பது தன்னையே ஏமாற்றுவது, இதில் எதை நான் செய்யட்டும் என்றாள். சின்னவள் எழுதிக் கொடுத்த தாளில் அந்தக் கேள்வி இல்லை.

அதிகாரி வரும் நாளுக்குப் பாடமும் முடிவாயிற்று. கடைகளில் விதவிதமான பெயரில் வினிகர் விற்கிறார்கள். எதில் அமிலம் அதிகம், சீட்டில் போட்ட அளவு உண்மையா? பிள்ளைகள் குழுவுக்கு ஒரு பாட்டில் கொண்டு வர வேண்டும், எல்லாரும் ஒரே அளவு தண்ணீர் விட்டு நீர்க்க வேண்டும், பியூரெட்டில் காரத்தை நிரப்பி அளந்து பார்க்க வேண்டும். யார் என்ன பாட்டில் கொண்டு வருவார்கள் என்று ஆசிரியருக்குத் தெரியாது, ஆகவே விடையும் தெரியாது. இந்த யோசனை சின்னவளுடையது. தன் யோசனையில் அவளுக்கே கொஞ்சம் கர்வம் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் தைரியம் சொல்லிவிட்டு வரலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனாள். பெரியவள் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்த சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடை முழுக்க வினிகர் பாட்டில்கள். வெள்ளையும் பழுப்புமாக, பெரியதும் சிறியதுமாக, அந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் எல்லாப் பெயரும் இருந்தன. எல்லாமே திறக்கப்பட்டு, எல்லாவற்றிலும் மேலிருந்து ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

"உங்க அக்கா ஊறுகாய் வியாபாரம் தொடங்கப் போறாளாம். கடைக்காரன் என்னைக் கேட்டான்" என்றார் அத்தான், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெரியவள் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வாசலில் நின்றாள். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகள் குடியிருக்கும் தெருக்களில் உள்ள கடை கடையாகப் போய் எல்லாவற்றையும் வாங்கியிருந்தாள். வகுப்புகள் முடிந்ததும் ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து, எண்களை மனப்பாடம் செய்திருந்தாள். அளந்த அதே காரக் கரைசலைத்தான் நாளைக்குப் பிள்ளைகளுக்கும் கொடுக்கப் போகிறாள். புதிதாகக் கலந்தால் எண் இம்மியளவு மாறிவிடும் அல்லவா? பெரிய கேனில் விரிசல் விட்டிருந்ததால் வாளியில் கலந்து, தூசி விழாமல் மேலே ஒரு துணியைப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பதில் தெரியாம அந்தப் பிள்ளைங்க முன்னாடி நிக்கிறதை என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியல. நான் கெட்டிக்காரின்னு நினைச்சுக்கிட்டு இல்லடி. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சு வச்சிருக்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றாள்.

சின்னவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. அக்காவின் கை ஈரத்துண்டைப் பிசைந்துகொண்டிருந்தது. பயிற்சியாளராக இருந்தால் இது கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். தங்கையாக இருந்ததால் பாட்டில்களை அலமாரிக்குள் எடுத்து வைக்க உதவினாள். நாளைக்கு நல்லபடியாக முடிந்தால் போதும் என்று நினைத்தாள். அந்த நினைப்போடே பஸ் ஏறினாள்.

அதிகாரி நேரத்துக்கு வந்துவிட்டார். அவரை ஆசிரியர்கள் தலையாட்டி என்பார்கள். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். அது ஆமாமா, இல்லையா, கழுத்துவலியா என்று அவர் கையெழுத்துப் போட்ட தாள் வந்த பிறகுதான் தெரியும். கடைசிப் பெஞ்சில் சின்னவளுக்கு அருகே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

முதல் பாதி அழகாகப் போயிற்று. அழகாகப் போகாமல் என்ன செய்யும்? பெரியவள் தங்கை எழுதிக் கொடுத்தபடியே கேள்விகளைக் கேட்டாள். உதட்டை இறுக்கினாள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிள்ளைகள் கொண்டு வந்த பாட்டில்கள் எல்லாமே அலமாரியில் சின்னவள் ஒளித்து வைத்தவற்றின் கூடப் பிறந்தவை. ஒவ்வொரு பாட்டில் மேசைக்கு வரும்போதும் பெரியவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போயிற்று. அதிகாரி தலையை ஆட்டினார்.

குழுக்கள் வேலையில் இறங்கின. பியூரெட் குழாய்களில் வாளியிலிருந்து எடுத்த காரம் நிரம்பியது. ஜன்னலோரக் குழுவில் ஒரு பெண். அவளுக்குச் சக மாணவர்கள் வைத்த பெயர் கேள்விக்குறி. எதைச் சொன்னாலும் ஏன் என்பாள், அதனாலேயே பல வகுப்புகளில் திட்டு வாங்கியிருக்கிறாள். அவள் குடுவை சிவந்தது. குனிந்து அளவைப் பார்த்து, பத்தொன்பது மில்லி என்றாள்.

"பத்தொன்பதா? இல்லையே, பதினேழுதான் வரணும். மறுபடி செய்ங்க" என்றாள் பெரியவள்.

பல வருஷப் பழக்கம் நாக்கில் வந்து நின்றுவிட்டது. அவளுக்கே தெரியாமல் சொல்லியாயிற்று. மறுபடி செய்தார்கள், மறுபடியும் பத்தொன்பது. அடுத்த மேசையில் வேறு பாட்டில், அங்கும் அவள் மனப்பாடம் செய்ததைவிட எண் கூடியிருந்தது. அதற்கடுத்த மேசையிலும் அப்படியே. பெரியவள் மேசைக்கு மேசை போனாள். போகப் போக நடை வேகமாயிற்று. கேள்விக்குறி தலை நிமிர்ந்து, பணிவாகத்தான் கேட்டாள்.

"மிஸ், பதினேழுதான் வரணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த பாட்டிலை வர்ற வழியிலதானே வாங்கினோம்?"

பெரியவள் மெல்லத் திரும்பிக் கடைசிப் பெஞ்சைப் பார்த்தாள். அதிகாரியை அல்ல, தங்கையை.

சின்னவளுக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது. இரண்டாவது மேசையில் எண் கூடியபோதே புரிந்துவிட்டது. வாளி. மூடியில்லாத வாளி. காரக் கரைசல் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். ராத்திரி முழுக்க அகல வாய் வாளியில் வெறும் துணிக்கு அடியில் கிடந்து அதன் பலம் குறைந்துவிட்டது. பலம் குறைந்தால் அதே அமிலத்துக்கு அதிகமாக ஊற்ற வேண்டும், எல்லா எண்ணும் கூடும். வேதியியல் படித்த யாருக்கும் தெரிந்த சங்கதி. பெரியவளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவள் ஆயுளில் என்றும் முதல் நாள் கலந்த கரைசலை மறுநாள் கொடுத்ததே இல்லை. விடை பிசகாமல் இருக்க வேண்டுமென்று செய்த காரியமே விடையைப் பிசகடித்துவிட்டது. பயத்தில் அந்த நேரத்துக்கு அவளுக்கு எதுவும் ஓடவில்லை.

சின்ன வயதில் அப்பா இருவரையும் நிறுத்தி வைத்து மனக்கணக்குக் கேட்பார். சின்னவள் விழிப்பாள். அப்போதெல்லாம் பெரியவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து விரல்களால் விடையைக் காட்டுவாள். ஒரு தடவையாவது காட்டாமல் விட்டதில்லை. இப்போது முறை மாறி நின்றது. ஒரு கையைக் குவித்து, மறு கையை அதன் மேல் மூடியாக வைத்துக் காட்டினால் போதும். அக்கா பிடித்துக்கொள்வாள். கரைசல் கெட்டுவிட்டது, புதிதாகக் கலப்போம் என்று சமாளித்துவிடுவாள். அதிகாரிக்கும் ஒன்றும் தெரியாது.

கை துறுதுறுத்தது. சின்னவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பெஞ்சில் யாரோ கீறி வைத்திருந்த பெயரைக் குனிந்து பார்த்தாள். இத்தனை நாளாக அக்காவுக்கு அவள் கொடுத்ததெல்லாம் அப்பா முதுகுக்குப் பின்னால் காட்டிய விரல்தான் என்று அந்த நேரத்தில் உறைத்தது. உறைத்தாலும் கூடப் பிறந்தவளை நடு ஆற்றில் விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் காட்டிவிடுவோம் என்று பயந்து நிமிராமலே இருந்தாள்.

பெரியவளின் குரல் கேட்டது. உரத்தும் இல்லை, நடுங்கவும் இல்லை.

"எப்படித் தெரியும்னா, நேத்து சாயங்காலம் நானே செஞ்சு பாத்துட்டேன். நீங்க என்னென்ன கொண்டுவருவீங்கன்னு யோசிச்சு எல்லாத்தையும் வாங்கி, இதே வாளியில இருந்து எடுத்து அளந்தேன். அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. நேத்து பதினேழு வந்துச்சு. இன்னிக்கு ஏன் பத்தொன்பது வருதுன்னு எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியல. அந்த ஆய்வகத்தின் சுவர்கள் அவள் வாயிலிருந்து அதை முதல் தடவையாகக் கேட்டிருக்கும். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பெரியவள் உதட்டை இறுக்க வேண்டியிருக்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாததால் மௌனம் தானாக வந்தது. அதிகாரி தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார்.

முதலில் ஒருவன் பியூரெட்டைச் சந்தேகப்பட்டான். எல்லா மேசையிலும் ஒரே மாதிரி கூடுகிறதே, எல்லாக் குழாயுமா கெட்டுப்போகும் என்று இன்னொருத்தி அவனை மடக்கினாள். நேற்றைக்கும் இன்றைக்கும் எது மாறியது, எது மாறவில்லை என்று கேள்விக்குறி கேட்டாள். பாட்டில் வேறு, ஆனால் பெயர் அதே. குடுவை அதே. அளவு அதே. கரைசல் அதேதான் என்றாள் பெரியவள். அதேதானா என்றாள் கேள்விக்குறி.

பெரியவள் வாய் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு வாளியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைச் சின்னவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்துவிட்டது அவளுக்கு. அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. பதில் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருப்பது கடைசிப் பெஞ்சு வரைக்கும் தெரிந்தது. சொன்னால் தப்பித்துவிடலாம். அதிகாரி முன்னால் இழந்த மானத்தை ஒரே வாக்கியத்தில் மீட்டுவிடலாம்.

பெரியவள் இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தாள். துணியை எடுத்தாள்.

"ராத்திரி இப்படித்தான் இருந்துச்சு. மேல இந்தத் துணி மட்டும். நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள்.

இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கவில்லை. பிள்ளைகள் வாளியைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். ஆவியாகிப் போயிருக்கும் என்றான் ஒருவன். தண்ணீர் ஆவியானால் காரம் கெட்டியாகத்தானே ஆகும், எண் குறையத்தானே வேண்டும் என்று மூவர் அவன் மேல் பாய்ந்தார்கள். கேள்விக்குறி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சின்ன வகுப்பில் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் குழல் விட்டு ஊதினோமே, பால் மாதிரி ஆச்சே, அது மூச்சுக்காற்றைக் குடித்துத்தானே அப்படி ஆச்சு என்றாள். இதுவும் காரம்தானே, இது ராத்திரி முழுக்கக் காற்றைக் குடித்திருக்குமா என்றாள்.

அதற்குப் பிறகு வகுப்பைப் பிடிக்க முடியவில்லை. சரியா என்று யாரும் மிஸ்ஸைக் கேட்கவில்லை. சரிபார்க்க வழி அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஒரு குழு தராசில் காரத்தை நிறுத்துப் புதிதாகக் கலந்தது. அதே பாட்டில், அதே குடுவை. எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, கேள்விக்குறி குழாயைத் திருகினாள். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என்று யாரோ மிஸ்ஸின் குரலிலேயே சொன்னார்கள். சொன்னது மிஸ்தான். குடுவை சிவந்தது. பதினேழு.

மணி அடித்த பிறகும் யாரும் நகரவில்லை. சின்னவளின் கைகள் மரத்துப்போயிருந்தன. அவற்றை வெளியே எடுத்து உதறிக்கொண்டாள். கண் கலங்கியிருந்ததை அதிகாரி பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பிள்ளைகள் போன பிறகு அதிகாரி பெரியவளிடம் வந்தார். முன்கூட்டியே செய்து பார்த்தது புது முறைக்கு மாறானது, அதை எழுதாமல் இருக்க முடியாது என்றார். எழுதுங்கள் சார் என்றாள் பெரியவள். பிள்ளைகளே காரணத்தைக் கண்டுபிடித்ததையும் எழுதப்போவதாகச் சொன்னார். அடுத்த பருவத்தில் மறுபடி வந்து பார்ப்பார், அது வரைக்கும் மேல்வகுப்பும் சாவியும் அவளிடமே இருக்கும். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். ஆசிரியராக இருந்த காலத்தில் தானும் மேசைக்கு அடியில் பதிலை வைத்துக்கொண்டுதான் வகுப்பு எடுத்ததாகச் சொல்லிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போனார். இந்தத் தடவை அது எதற்கான ஆட்டல் என்று இருவருக்கும் தெரிந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அக்காவும் தங்கையும் சேர்ந்து நடந்தார்கள். நிறுத்தத்துக்கு வந்ததும் பெரியவள் கேட்டாள்.

"உனக்கு அப்பவே தெரிஞ்சுதான் இருந்துச்சா?"

"தெரிஞ்சுது."

"நான் உன்னைத்தான் பாத்தேன். நீ குனிஞ்சுக்கிட்டே. அந்த நேரத்துல உன் மேல வந்த கோவம் இருக்கே, வாளியோட தூக்கி உன் தலையில ஊத்திடலாம்னு இருந்துச்சு."

பெரியவள் தோள்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்புறம் எனக்கும் தெரிஞ்சுபோச்சு. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நான் சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு சுண்ணாம்புத் தண்ணியை நினைச்சிருக்க மாட்டா. எத்தனை வருஷமா எத்தனை பேரை இப்படி நினைக்க விடாமப் பண்ணியிருக்கேனோ" என்றாள். பஸ் வந்தது. ஏறு, ஏறு என்று தங்கையைத் தள்ளிவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் பெரியவளிடமிருந்து போன் வந்தது. பிள்ளைகள் விடவில்லையாம். காரம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கெடும், மூடி போட்டால் கெடாதா, அகல வாளிக்கும் ஒடுக்கச் சீசாவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஆளுக்கொரு கேள்வியோடு வந்து நின்றார்களாம். ஆய்வக ஜன்னலோரம் முழுக்க மூடி போட்டதும் போடாததுமாகப் பாத்திரங்கள் வரிசையாக நிற்கின்றனவாம். இன்றைக்குக் காலையில் அளந்து முடித்தார்களாம். குரலில் அப்படி ஒரு உற்சாகம். அக்கா இப்படிப் பேசிக் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. எண்கள் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை, ஒரு பாத்திரம் எல்லாரையும் ஏமாற்றிவிட்டது என்றாள்.

"எது? ஒடுக்கச் சீசாவா?" என்றாள் சின்னவள்.

பதில் வரவில்லை. போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். இல்லை, அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"அக்கா, சொல்லேன்."

"நீ என்ன நினைக்கிற?" என்றாள் பெரியவள்.

சின்னவள் யோசித்தாள். அகலமா, மூடியா, ஜன்னல் வெயிலா, வேறு ஏதாவதா? நிஜமாகவே தெரியவில்லை. எழுதிக் கொடுத்த எந்தத் தாளிலும் அது இல்லை.

"தெரியலக்கா."

"நல்லது. சனிக்கிழமை வா. பியூரெட் கழுவி வச்சிருக்கேன், நீயே செஞ்சு பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.